முப்பத்தோராம் நாள் படம்

ஸ்ரூடியோவில் எனக்கு வேலை முகம் துடைப்பது.
மானிப்பாய் வீதியில், மருந்துக்கடைக்கு மேல்மாடி.
கலியாணப் பொம்பிளையின் தாடையில் ஒரு பரு,
சாமத்தியப்பட்ட பிள்ளையின் நெற்றியில் ஏழு,
பாஸ்போட் படத்துக்கு வந்தவரின் மூக்கோரத் தழும்பு.
ஒரு கிளிக்.
பக்கத்துத் தோலை எடுத்து மேலே ஒட்டினால்
இருந்ததற்குச் சாட்சி இல்லை.

பதினெட்டாம் நாள் காலை
நுளம்பு வலையைத் தூக்கினால்
என் மகனின் கன்னத்தில் பருக்கள்.
சிவப்பு, நடுவில் வெள்ளை முனை.
மீசை அரும்புகிற பெடியளுக்கு வருமே,
அச்சொட்டாய் அது.
பேர் இன்னும் வைக்கவில்லை,
அதற்குள் பதினாறு வயது.

"நுளம்போ?" என்றேன்.
"நுளம்பு மூக்கு நுனியில நாலு தரம் கடிக்குமோ?" என்றாள் தர்மினி.
சிரிக்கவில்லை.

பிறகு ஆட்கள்.
துடக்கு வீடென்று படலையில் நின்றவர்கள்
படலையில் நின்றபடியே சொன்னார்கள்:
கிரந்தி. எண்ணெய் பூசு.
பேர்ணிலிருந்து அக்கா வைபரில் வந்து
பிள்ளையைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவரச் சொன்னாள்.
கிறீம் ஒன்று பார்சலில் வருகிறதாம்.
மாமி முறையான ஒருத்தி
குசினியை எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
"தாய்க்காரி என்ன திண்டவள்?"

அன்றோடு தர்மினி கத்தரிக்காயை விட்டாள்,
இறாலை விட்டாள், முட்டையை விட்டாள்.
சரக்குத்தூள் ரசமும் சோறும்.
சாமத்தில் பால் கொடுக்கையில்
பிள்ளையைப் பாராமல் சுவரைப் பார்த்தாள்.
கண்டேன். ஒன்றும் சொல்லவில்லை.

நானும் திறமில்லை.
அவள் குளிக்கப் போன நேரம்
நகத்தால் ஒரு முனையை மெல்ல,
தொழில் பழக்கம்,
வீரிட்டான்.
அந்த இடம் மட்டும் நாலு நாள் சிவந்தே கிடந்தது.

குடும்பநல மாது யோகமலர் மிஸ்
ஸ்கூட்டியை வேலியோரம் விட்டு
ஹெல்மெட்டோடேயே உள்ளே வந்தா.
கை கழுவினா. பிள்ளையைத் தராசில் போட்டா.
"நிறை காணும். பால் குடிக்கிறார், மூத்திரம் போறார்.
பிறகென்ன?"
பருவைப் பற்றி நாங்கள்தான் கேட்டோம்.

"இது உம்மட பிழை இல்லைப் பிள்ளை.
நீர் திண்டதும் இல்லை, தின்னாததும் இல்லை.
வயித்துக்குள்ள இருக்கேக்க உம்மட ரத்தத்தால போன ஹோர்மோன்
இன்னும் கொஞ்சம் அவரில மிச்சம் கிடக்கு எண்டு சொல்லுவினம்.
எண்ணெய் வேண்டாம், பவுடர் வேண்டாம், அந்த கிறீமும் வேண்டாம்.
நசுக்க வேண்டாம்."
என் பக்கம் திரும்பாமலே சொன்னா.
"கொதிச்சு ஆறின தண்ணி, மெல்லிசுத் துணி.
ஒத்துங்கோ, தேய்க்காதேங்கோ.
சிலருக்குச் சில கிழமை, சிலருக்கு ரெண்டு மூண்டு மாசம்.
காய்ச்சல் எண்டால், நீர்க்கொப்புளம் போட்டால்,
பால் குடிக்காட்டி, அண்டைக்கே ஆஸ்பத்திரி.
மற்றும்படி பாத்துக்கொண்டிருங்கோ."

பாத்துக்கொண்டிருங்கோ.
இந்த மருந்தை எந்தக் கடையில் வாங்க?

மத்தியானம் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தேன்.
தர்மினி சட்டியை வழித்துச் சாப்பிட்டாள்.

முப்பத்தோராம் நாள் சேயோன் என்று பேர் வைத்தோம்.
சிவந்தவன் என்று பொருள்.
ஐயர் முருகனை நினைத்துச் சொன்னார்.
நாங்கள் இரண்டு பேரும் கன்னத்தைப் பார்த்தோம்,
பிறகு ஆளையாள் பார்த்தோம்,
மந்திரத்துக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

இரவு கடையில் தனியே படத்தைத் திறந்தேன்.
தர்மினி, மடியில் அவன், பக்கத்தில் நான்.
பெரிதாக்கினேன். இருபத்துமூன்று.
கை தானாகவே அந்தக் கருவியை எடுத்துவிட்டது.
நகம் பட்ட இடத்தில் கொண்டுபோய் வைத்தேன்.
கீழே வீதியில் கடைசி பஸ் போனது.
எடுத்துவிட்டேன்.
என் கண்ணுக்குக் கீழ்க் கறுப்பை மட்டும்
கொஞ்சம் வெளிறச் செய்தேன். பொய் சொல்வானேன்.

"எடிட் பண்ணேல்லையோ?" என்று கேட்டாள் அக்கா.
பார்சல் வந்தது. உடைக்காமல் அலுமாரியில்.

பத்தாம் கிழமை ஒரு காலை
துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு குனிந்தால்
ஒத்துவதற்கு ஒன்றுமில்லை.
வெறும் கன்னம்.
எப்ப போனது, நேற்றா, முந்தாநாளா?
தர்மினிக்கும் தெரியாது.
பாத்துக்கொண்டுதானே இருந்தம்,
ரெண்டு பேரும்.